சரசுவின் வலது கை

கேமராவைப் போடுங்கள், பிள்ளைகளே. முதல் வகுப்பிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வேலை பார்த்த காலம் முழுக்க ஆளின் முகத்தைப் பார்த்தே பேசிப் பழகியவள் நான். கறுப்புக் கட்டத்தைப் பார்த்துப் பாடம் நடத்து என்றால் எனக்கு வராது. போன வாரம் ஒரு கட்டத்தைப் பார்த்து, "என்னப்பா, புரிஞ்சுதா?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து குக்கர் விசில்தான் பதில் சொன்னது. சோறாவது வெந்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட். காஞ்சிபுரத்துக்காரி. ஓய்வு பெற்ற பிறகு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், புற்றுநோய் மறுவாழ்வுப் பயிற்சியை ஆன்லைனில் நடத்துகிறோம், நீங்களும் வர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். செவிலியர், பிசியோ, இன்னும் பல வேலை பார்ப்பவர்கள் என்று பல ஊர்களிலிருந்து சேருவார்களாம். ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிஜமான நோயாளி வேண்டும், அவர் சம்மதத்தோடு, பயிற்சி முடியும்வரை நம்மோடு வர வேண்டும். படம் போட்டுக் காட்டும் கைக்கு வலிக்காது, கோபமும் வராது. அதை வைத்து என்ன கற்றுக்கொள்வீர்கள்?

உங்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வி இருக்கும். ஆளைத் தொடாமல், ஃபோன் வழியாக என்னத்தைக் கண்டுபிடிப்பது? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதற்குப் பதிலாக உங்களுக்கு முந்தைய பிரிவில் நடந்ததைச் சொல்கிறேன். சரசுவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "பேரை மாத்தாதீங்க மேடம். கேட்டுட்டு நாலு பேரு கடைக்கு வரட்டும்" என்று சொல்லியிருக்கிறாள்.

சரசு பிள்ளையார்பாளையத்துப் பெண். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை காட்டுபவள். காஞ்சிபுரத்துக்கு வந்து பட்டு எடுத்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் கடைக்காரர் ஒருபுறம், நாம் மறுபுறம். அடுக்கிலிருந்து ஒரு சேலையை உருவி, ஒரு கையால் மடிப்பைப் பிடித்து, மறு கையால் ஒரே வீச்சு. சேலை காற்றில் விரிந்து, முந்தானை மேலே தெரிய, சரியாக நம் மடிக்கு முன்னால் வந்து விழும். கல்யாணப் பட்டு நல்ல கனம். நாள் முழுக்க அதை வீச வேண்டும், வீசியதை மடிக்க வேண்டும், வாய் ஓயாமல் பேச வேண்டும். அந்தக் கடையில் முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களை முதலாளி நேராகச் சரசுவிடம்தான் அனுப்புவார். வரும் கூட்டத்தில் முடிவு சொல்லப்போவது யார் என்று உட்கார்ந்த உடனே கண்டுபிடித்துவிடுவாள். "ரொம்ப பேசறவங்களை வுட்ருங்க மேடம். மூலைல வாயத் தெறக்காம ஒருத்தங்க இருப்பாங்க பாருங்க, அவங்கதான்."

இப்படி இருந்தவளுக்கு வலது மார்பில் புற்றுநோய். அறுவையில் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். பிறகு கீமோ, கதிர்வீச்சு, எல்லாம் முடிந்தது. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கை மேலே எழவில்லை, வீங்கவும் தொடங்கியது. கணுக்களை எடுத்த பக்கம் நிணநீர் சரியாக வடியாது, அதனால் வீங்கும். அந்தக் கையில் சின்னக் கீறல் பட்டாலும் கிருமி புகுந்து வேகமாகப் பரவிவிடும். வீக்கம் ஏறாமல் இருக்க மணிக்கட்டிலிருந்து மேல்கை வரை இறுக்கிப் பிடிக்கும் உறை ஒன்று கொடுப்போம். சரசு அதற்கு வைத்த பெயர் கை சாக்ஸ்.

முதலாளி நல்ல மனுஷர். அவள் திரும்பி வந்ததும், "நீ கஷ்டப்படாதம்மா" என்று விற்ற சேலையைப் பையில் போட்டுக் கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். சம்பளத்தில் கை வைக்கவில்லை. வகுப்பில் முதல் நாள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டபோது சரசு அழுதுவிட்டாள்.

"அங்க உக்காந்தா நான் பை குடுக்கிறவ மேடம். வர்றவங்க போறவங்க எல்லாம் பாவம்னு பாக்கிறாங்க. எனக்கு மெத்தை வேணும். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடி நான் மெத்தைல உக்காரணும்."

நம் படிப்பில் எழுதும் இலக்கு எல்லாம் கை இத்தனை பாகை உயர வேண்டும் என்றுதான் இருக்கும். சரசுவின் இலக்கு மெத்தை. அதையே வகுப்பின் இலக்காக வைத்துக்கொண்டோம்.

கார்த்திக் என்று கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், பிசியோ, வகுப்பிலேயே படு சுறுசுறுப்பு. அவன்தான் பயிற்சித் திட்டம் போட்டான். விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல ஏறும் பயிற்சி, கழியைப் பிடித்துக் கையைத் தூக்கும் பயிற்சி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரசு கொஞ்ச நாள் செய்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை பிடித்துக்கொண்டாள்.

"கார்த்திக் தம்பி, பல்லி மாரி செவுத்துல ஏறிக்கினே இருக்கேன். எப்ப எறங்கச் சொல்லுவீங்க?"

வகுப்பே சிரித்தது. கார்த்திக்கும் சிரித்தான். "சரிங்க அக்கா, சுவரை விட்டுடலாம். நீங்க என்ன பண்ணணுமோ அதையே பண்ணுங்க" என்றான். அங்கேதான் அந்தப் பையன் எனக்குப் பிடித்துப்போனான். தான் போட்ட திட்டத்தைத் தானே கிழித்துப் போட ஒரு மனசு வேண்டும்.

அதற்கப்புறம் சரசு தன் வீட்டில் துப்பட்டாவை வீசினாள். பிறகு போர்வை. பிறகு கடையிலிருந்து முதலாளி கொடுத்தனுப்பிய லேசான பட்டு. நாங்கள் எல்லோரும் வாடிக்கையாளர்கள். "அந்தப் பச்சையைக் காட்டுங்க", "பார்டர் இன்னும் பெருசா வேணும்", "இதே கலர்ல வேற டிசைன் இல்லையா?" என்று ஆளாளுக்குப் படுத்தினோம். சரசுவுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஒண்ணும் எடுக்கமாட்டீங்க, ஆனா எல்லாத்தையும் பிரிக்க வெப்பீங்க. நெஜ கஸ்டமரே தேவல" என்று திட்டிக்கொண்டே வீசுவாள். வாராவாரம் கை மேலே போனது. தோளைக் கவனித்தோம், மூச்சைக் கவனித்தோம், நடுவில் ஓய்வு எடுக்கக் கற்றுக்கொடுத்தோம். கை சாக்ஸையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தாள். திரையில் தெரிந்தவரை.

ஆவணி நெருங்கியது. முதலாளியிடம் பேசினேன். அவர் தயங்கினார். முகூர்த்த நேரத்தில் ஒரு மெத்தை படுத்தால் வியாபாரம் படுத்துவிடும், நியாயம்தான். கடைசியில், "சனிக்கிழமை மத்தியானம் கடை கொஞ்சம் காலியா இருக்கும். உங்க வகுப்பை இங்கேயே வெச்சுக்கங்க. கனமான சேலையையே வீசட்டும். பாத்துட்டு நீங்க சரின்னு சொன்னா, நாளையிலேர்ந்து மெத்தை அவங்களுக்கு" என்றார். ஆக அன்றைக்கு நாங்கள் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் சரசுவின் இடம் இருந்தது. அவளுக்கும் அது தெரியும்.

அந்தச் சனிக்கிழமை ஃபோனைச் சேலை அடுக்கில் சாய்த்து வைத்திருந்தார்கள். சரசு மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ, முழங்கை தாண்டிய ரவிக்கை. முதலாளி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் சேலை மாம்பழ மஞ்சள். வீசினாள். ஆஹா! அப்படி ஒரு வீச்சு. அடுத்தது அரக்கு. அதுவும் அப்படியே. வகுப்பில் கைதட்டும் படங்கள் பறந்தன. கார்த்திக் எழுந்து நின்று விசிலடித்தான்.

அப்போது திரையோரம் சாட் பெட்டியில் ஒரு வரி வந்தது. ரெஹானா எழுதியிருந்தாள். ஆற்காட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் செவிலியர். பணிக்கு நடுவில் வகுப்பைக் கேட்பவள், அதனால் பேசுவதே இல்லை. "அக்காவோட முன்கை சிவப்பா இருக்கிற மாதிரி தெரியுது" என்று எழுதியிருந்தாள்.

கார்த்திக் உடனே, "அரக்குச் சேலையோட ரிஃப்ளெக்‌ஷனுங்க. கடை லைட்டு வேற" என்றான். சரசுவும் சிரித்துக்கொண்டே, "ஆமாம் பாப்பா, பட்டு அடிக்கிற நெறம்தான். பாரு இப்போ" என்று ஒரு கிளிப்பச்சையை எடுத்துக் கை மேல் போட்டாள். கை பச்சையாகத் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நியாயமான விளக்கம்தான். பட்டுக்கடை விளக்கு வெளிச்சத்தில் என் மூக்குகூட ஒருநாள் ஊதாவாகத் தெரிந்திருக்கிறது.

"சூடா இருக்குதா சரசு?" என்று கேட்டேன்.

"ஏசி கடையில ஏது மேடம் சூடு? குளிருதுன்னு நானே போர்த்திக்கலாமான்னு பாக்கிறேன்."

பதில் ரொம்ப வேகமாக வந்தது. வலி இருக்கிறவர்கள் யோசித்துப் பதில் சொல்வார்கள். யோசிக்காமல் பதில் சொல்கிறவர்கள் பதிலை முன்பே தயார் செய்துவைத்தவர்கள். ஆனால் அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள், முதலாளி முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் அந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்று உயிர் துடிக்கிறது. எப்படிக் கேட்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு கறுப்புக் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. ரெஹானா கேமராவைப் போட்டிருந்தாள். பின்னால் வார்டுத் திரைச்சீலை தெரிந்தது.

"அக்கா, கோச்சுக்காதீங்க. கொஞ்சம் வாசலுக்கு வர்றீங்களா? வெளிச்சத்துல பாக்கணும்."

முதலாளியே திடுக்கிட்டுப்போனார். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பட்டு எடுக்கிறவர்கள் கடை விளக்கை நம்பமாட்டார்கள். பிடித்த சேலையை வாசலுக்குக் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துத்தான் நிறத்தை ஒப்புக்கொள்வார்கள். அப்படிக் கேட்டால் எந்தக் கடைக்காரரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். மாட்டேன் என்றால் சேலையில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். சரசு தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் பேருக்காக வாசல்வரை நடந்திருப்பாளோ. ரெஹானா தன் அக்கா நிக்காஹுக்குப் பட்டு எடுக்க இதே ஊருக்கு வந்தவள்.

சரசு அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. "எங்கிட்டயேவா பாப்பா? என் பொழப்பையே எனக்குத் திருப்பி வெக்கிறியே" என்றாள். ஆனாலும் எழுந்தாள். கேட்டால் காட்டித்தானே ஆக வேண்டும். முதலாளி ஃபோனை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். வாசல் வெயிலில் ரவிக்கைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து கிடந்தது. அரக்குமில்லை, விளக்குமில்லை. கையில் உறை இல்லை என்பதே, வீச்சைப் பார்த்த மயக்கத்தில், அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

"ஐயா, உங்க புறங்கையை முதல்ல அவங்க இடது கை மேல வெச்சுப் பாருங்க, அப்புறம் வலது கை மேல" என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் வைத்தார். வைத்த கையைச் சட்டென்று எடுத்தார். "என்னம்மா இது, கொதிக்குதே!"

"தெரியும்" என்றாள் சரசு. அடுத்த நொடி பொங்கிவிட்டாள். "காலையிலேர்ந்தே தெரியும். நேத்து விலைச்சீட்டு குத்தும்போது குண்டூசி ஏறிடுச்சு. ராத்திரியே குளிர் வந்துச்சு. இன்னைக்கு ஒருநாள் தாண்டிட்டா போதும்னு வந்தேன். இப்ப திருப்தியா உங்களுக்கு?"

"சாக்ஸ் எங்கே சரசு?"

"பையில இருக்குது. கடைக்குள்ள நுழையறப்பவே கழட்டிடுவேன். பொண்ணுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வர்றாங்க மேடம். கையில இன்னான்னு கேட்டா இன்னா சொல்லுவேன்? புத்துநோய்னு சொல்லவா? ராசி பாத்து, நாள் பாத்து, நல்ல நேரம் பாத்து வர்றவங்க. அந்தக் கையால குடுத்த பட்டை எந்த ஆத்தா பொண்ணுக்குக் கட்டுவா?"

வாராவாரம் தோளை அளந்தோம், மூச்சை அளந்தோம். கடை வாசலில் உறையைக் கழற்றுகிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுகிற மாதிரி ஒரு கேள்வி கேட்கவும் இல்லை.

கார்த்திக் மெதுவாக, "இன்னைக்கு முடிச்சிட்டு நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி போனா ஆகாதுங்களா மேடம்?" என்றான். அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுக் கேட்டான், அவனைக் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகளே, இந்த இடத்தில் மட்டும் இரக்கத்தை ஓரமாக வையுங்கள். வீங்கிய கை சிவந்து, சூடாகி, குளிரும் வந்துவிட்டால் நாளை என்ற பேச்சே கிடையாது. "இப்பவே. பயிற்சி கிடையாது, இது அடங்கறவரை உறையும் கிடையாது, முதல்ல டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

பிறகு முதலாளியிடம் திரும்பினேன். "அவங்க கை வேலைக்கு ஆகாதுன்னு நான் சொல்லலை. நீங்களே பாத்தீங்க. இது கிருமி, மருந்துக்கு அடங்கிடும். அவங்க இடத்தை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

"நான் எங்கம்மா வேணாம்னேன்? ஒடம்பு நோவக்கூடாதேன்னுதான் அங்க உக்கார வெச்சேன்."

"அவங்களைக் கேட்டீங்களா?"

மனுஷர் தலையைச் சொறிந்தார். "கேக்கலியே" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, "ஏறும்மா வண்டியில" என்று தானே ஸ்கூட்டரை எடுத்தார். ஃபோனை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அணைக்கவில்லை. வகுப்பு முழுக்க ஹாரன் சத்தம், "யோவ், ஓரம் போய்யா!" என்ற முதலாளியின் கத்தல், அதற்குமேல் சரசுவின் குரல்: "அரக்குக்கு வெலை ஜாஸ்தி போட்டுட்டீங்க மொதலாளி, அதான் நகர மாட்டேங்குது." காய்ச்சலோடு பின்சீட்டில் உட்கார்ந்து சொல்கிறாள்! நான் வகுப்பை முடித்தேன். இன்னொரு பாடமும் எழுதிக்கொள்ளுங்கள்: நோயாளி ஃபோனை வைக்க மறந்தால் நாம் வைத்துவிட வேண்டும்.

மருத்துவமனையில் சேர்த்து ஊசி போட்டார்கள். கை அடங்கியது. சரசுவின் கோபம் அடங்கவில்லை. ரெஹானா பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் என்னிடம் ஃபோன் செய்து, "மேடம், நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமோ?" என்று அழுதாள். "மூடியிருந்தா உன்னை நானே வகுப்பிலேர்ந்து தள்ளியிருப்பேன். அழாம அவளுக்கே ஃபோன் பண்ணு" என்றேன். பண்ணினாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இரண்டு பேரும் எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை சரசு வகுப்புக்கு வந்தாள். ரெஹானாவைப் பார்த்து, "சாப்ட்டியா பாப்பா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

இனி கடையில் உறையைக் கழற்றக் கூடாது, அது முடிவாகிவிட்டது. கார்த்திக், தோல் நிறத்திலேயே உறை கிடைக்கும், கண்ணில் படாது என்றான்.

"படும் தம்பி. பட்டு எடுக்க வர்ற பொம்பளைங்க கண்ணு உங்களுக்குத் தெரியாது. ஒரு இழை கோணினா கண்டுபிடிச்சிடுவாங்க. மறைக்கிறதுக்கு வழி சொல்லாதீங்க. கேட்டா இன்னா பதில் சொல்றதுன்னு சொல்லிக் குடுங்க."

நான் உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்தேன். இதல்லவா கேள்வி! அந்த வாரம் வகுப்பில் வேறு பாடம் நடத்தவில்லை. கார்த்திக் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சம்பந்தி அம்மாளாக மாறினான். மீசையோடு ஒரு சம்பந்தி அம்மாள். "ஏனுங்க, கையில என்னமோ சுத்தியிருக்கீங்க?" என்று இழுத்தான்.

சரசு முதலில், "சுளுக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். "அடுத்த வருஷம் ரெண்டாவது பொண்ணுக்கு எடுக்க வருவாங்க அக்கா. அப்பவும் சுளுக்கா?" என்றாள் ரெஹானா. பிறகு பெரிய விளக்கமாகச் சொல்லிப் பார்த்தாள். எங்களுக்கே கொட்டாவி வந்தது. கடைசியில் எரிச்சலோடு ஒரே மூச்சில் சொன்னாள்.

"புத்துநோய் வந்துச்சு, வைத்தியம் பாத்து நல்லாயிட்டேன், கை வீங்காம இருக்க இதைப் போட்டுக்கினு இருக்கேன். நீங்க பார்டரைப் பாருங்க."

"அவ்ளோதாங்க!" என்று சம்பந்தி அம்மாள் துண்டைத் தூக்கி எறிந்து குதித்தான்.

வகுப்பில் சொல்வது வேறு, கடையில் சொல்வது வேறு. அவள் மெத்தைக்குத் திரும்பிய நாள் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பேருக்கு ஒரு சேலை பார்க்கிற மாதிரி கடைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். முகூர்த்தக் கூட்டம் நெரிந்தது. சரசு உறையைப் போட்டு, அதற்குமேல் ரவிக்கைக் கையைக்கூட இழுத்துவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று வந்தது. கல்யாணப் பெண், அம்மா, அப்பாவோடு பிறந்த அத்தை. பேசியதெல்லாம் அம்மா. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் அத்தை. சரசு நாலைந்து சேலை வீசினாள். பிறகு மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்டது ஒன்று பறந்து வந்து விழுந்தது. பெண்ணின் முகம் மலர்ந்தது. அத்தையின் கை தானாக நீண்டு சேலையைத் தொட்டது. தொட்ட இடத்திலிருந்து அவர் கண் மேலே போய் உறையில் நின்றது.

"கையில இன்னாம்மா அது?"

சரசு சொன்னாள். வகுப்பில் சொன்னது சொன்னபடி, பார்டரைப் பாருங்கள் வரை.

அத்தை சேலையிலிருந்து கையை எடுத்தார். "நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். அந்தப் பக்கம் பாக்கலாம் வாங்க" என்று எழுந்துவிட்டார். அம்மா தர்மசங்கடமாகச் சிரித்துவிட்டுப் பின்னால் போனார். பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நாலடி தள்ளி அடுத்த மெத்தையில் உட்கார்ந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போய் அந்த அம்மாளை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தது. சரசு என்னைப் பார்த்து, உட்காருங்கள் என்று கண்ணாலேயே அடக்கினாள். அந்தச் சேலையை மடித்தாள். ஆனால் அடுக்கில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பக்கத்து மெத்தையில் சேலை மேல் சேலையாக விழுந்தது. பெண் எதற்கும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அத்தை அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார். "ஏம்மா, அந்த மாம்பழத்தை இப்படிக் குடுத்தனுப்பு."

"தரேன்மா" என்றாள் சரசு. எழவில்லை. "இதை விரிச்சுக் காட்டினது இந்தக் கை. குடுக்கிறதும் இந்தக் கைதான். நீங்க இங்க வந்து வாங்கிக்கங்க."

கடை முழுக்க முதலாளியைப் பார்த்தது. முகூர்த்தக் கூட்டத்தில் ஒரு வியாபாரம் போகப்போகிறது. அவர் கல்லாவில் இருந்தபடியே மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அது சரசு காட்டின சேலைங்க. அவங்ககிட்டதான் வாங்கணும்" என்றார்.

முதலில் எழுந்தது கல்யாணப் பெண். நேராக வந்து சரசுவின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா வந்தார். அத்தை வேறு வழியில்லாமல் கடைசியாக வந்தார். தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ள மனசில்லாமல், "சரி, அப்போ வெலையைக் கொறைச்சுக்க. இந்தக் கைல வாங்கறோம் இல்ல?" என்றார்.

சரசு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ராசியில்லாத கைன்னா சேலையே வேணாம்மா. ராசியான கைன்னா முழு வெலை."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "யாரு பெத்த பொண்ணும்மா நீ? முழு வெலையே போடு" என்றார்.

தட்டில் மஞ்சள், குங்குமம், பூ, நடுவில் சேலை. சரசு தட்டை எடுத்து நீட்டினாள். பெண் வாங்கப்போனாள். அவள் கையை விலக்கிவிட்டு, அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டித் தானே வாங்கிக்கொண்டார்.